ஃபைட்டர் மீனின் வால் கிழிந்துவிட்டது, மருந்து ஊற்றலாமா?

கேள்வி: 20 லிட்டர் தொட்டி, ஒரே ஒரு நீல ஃபைட்டர். பிளாஸ்டிக் செடியில் உரசி வால் துடுப்பு கிழிந்திருக்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறான். கடையில் ஆன்டிபயாடிக் ஊற்றச் சொல்கிறார்கள். பாவமாக இருக்கிறது அண்ணா, என்ன செய்யலாம்?

பதில் 1: ஆன்டிபயாடிக் வேண்டாம் தம்பி. அது ஃபில்டரில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் கெடுத்துவிடலாம், அப்புறம் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்ற நச்சு தண்ணீரில் ஏறும். கிழிசல் மட்டும் என்றால் துடுப்பு தானே வளரும். ஒருநாள் விட்டு ஒருநாள் கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் நீக்கிய, அதே சூடுள்ள தண்ணீராக இருக்கட்டும். 26-28 டிகிரி போதும். அந்தச் செடியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நான் காய்ந்த நாட்டு வாதுமை இலை ஒன்றும் போடுவேன். தண்ணீர் டீ நிறமாகும், பயப்படாதீர்கள்.

பதில் 2: ஓரம் கறுத்தோ சிவந்தோ நாளுக்கு நாள் துடுப்பு குறைந்தால் அது அழுகல். வெள்ளைப் பஞ்சு மாதிரி படர்ந்தால் பூஞ்சை. அப்போதுதான் மருந்து.

கேள்வி கேட்டவர்: சரி அண்ணா. கல் உப்பு?

பதில் 1: இப்போதைக்குத் தேவையில்லை. உயிருள்ள செடி, நத்தை இருந்தால் அவற்றுக்கும் ஆகாது. புதிதாக வளரும் ஓரம் நிறமில்லாமல் கண்ணாடி போலத் தெரியும், அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள்.