கையில் இருக்கும் படம் இறந்தவருடையதா, போருக்குப் போனவருடையதா?

வணக்கம். பிலடெல்பியா ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த சிறிய அட்டைப் படம் என்னிடம் இருக்கிறது. ஒரு பெண் அலங்காரத் தூணில் சாய்ந்து, திறந்த டாகரோடைப் பெட்டியை (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுத்த பழைய வகைப் புகைப்படம் வைக்கும் சிறு பெட்டி) நம் பக்கம் காட்டியபடி நிற்கிறார். அவர் அதைப் பிடித்திருக்கும் விதம் மனதை விட்டுப் போகவே இல்லை.

பின்புறம் 2 சென்ட் ரெவின்யூ ஸ்டாம்ப். புகைப்படங்களுக்கான அந்த வரி 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் தொடக்கம் வரைதான் இருந்தது. அதாவது, அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசிக் கட்டம், அல்லது போர் முடிந்த பிறகு.

1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தும் பெட்டிக்குள் இருக்கும் முகம் தெரியவில்லை. சரி, உடை துக்கத்துக்கான கறுப்பா என்று பார்ப்போம் என்றால், அந்தக் காலத்து கொலோடியன் தகட்டில் (ரசாயனம் பூசிய கண்ணாடி நெகட்டிவ்) சிவப்புத் துணியும் கறுப்பாகத்தான் விழும். காலர் மட்டும் வெள்ளை.

இறந்தவர் படத்தோடும் எடுத்துக்கொண்டார்கள், தூரத்தில் இருப்பவர் படத்தோடும் எடுத்துக்கொண்டார்கள். இது துக்கப் படமா என்று உறுதிசெய்ய வேறு எதைக் கவனிக்க வேண்டும்?