மிச்சமிருக்கும் சிப்ரோவை நீர்க்கடுப்புக்குப் போடலாமா?

மஞ்சக்குப்பம்வாசி:
அம்மாவுக்கு வயசு 56. சுகருக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு போடுறாங்க. நேத்து ராத்திரியிலிருந்து ஒண்ணுக்குப் போனா எரிச்சல், அரைமணிக்கொரு தடவை வருது, வந்தா நாலு சொட்டுதான். காய்ச்சல் இல்லை. போன தடவை வாங்கினதுல சிப்ரோஃப்ளாக்சசின் 500 நாலு மாத்திரை மிச்சம் இருக்கு, அசித்ரோமைசின் 500 ஒண்ணு இருக்கு. எக்ஸ்பைரி ஆகலை. நாளைக்கு ஞாயிறு. சிப்ரோ ஆரம்பிச்சுடலாமா? சிட்ரால்கா சிரப்பும் கூடக் கொடுக்கலாமா?

மருந்தாளுநர்_நெல்லித்தோப்பு:
வேண்டாம். முதல் காரணம் அந்த கிளிமிபிரைடு. அதோட சிப்ரோ சேர்ந்தா சுகர் திடீர்னு இறங்கலாம். எரிச்சலால சரியா சாப்பிடாம வேற இருப்பாங்க, ராத்திரியில வியர்த்துக் கொட்டி மயங்கினா வீட்ல யாருக்கும் ஏன்னு புரியாது.

ரெண்டாவது, நீர்க்கடுப்புக்குப் பெரும்பாலும் காரணம் ஈ.கோலைங்கிற குடல் கிருமி. நம்ம நாட்டுல அதுல பெரும்பகுதிக்கு சிப்ரோ, நார்ஃப்ளாக்சசின் எல்லாம் கேட்கிறதே இல்லை. அசித்ரோ இன்னும் மோசம்: அது பெரும்பாலும் பித்தம் வழியா வெளியேறுது, சிறுநீர்ல போதுமான அளவுக்கு வராது. வீட்ல பேதிக்கு வாங்கின நார்ஃப்ளாக்ஸ் டிஇசட் இருந்தா அதையும் தொடாதீங்க.

நாலு மாத்திரைன்னா ரெண்டு நாள் கணக்கு. பாதிக் கிருமி செத்து எரிச்சல் அடங்கும், மிச்சம் திரும்பக் கிளம்பும். அதைவிடப் பெரிய தொல்லை, அதுக்கப்புறம் கல்ச்சர் (சிறுநீர்ல இருக்கிற கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும்னு பார்க்கிற டெஸ்ட்) எடுத்தா ஒண்ணும் வளராது, டாக்டர் இருட்டுல தடவணும்.

லேப்_டெக்னீஷியன்:
மேலே சொன்னதோட தொடர்ச்சி. முதல் மாத்திரைக்கு முன்னாடியே சாம்பிள் எடுத்துடுங்க. லேப்ல கொடுக்கிற ஸ்டெரைல் டப்பாதான், வீட்டு பாட்டில் வேண்டாம். வெறும் தண்ணியில முன்பக்கமிருந்து பின்பக்கமா கழுவி, முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிக்கணும். 20 மில்லி தாராளம். மூடியோட உள்பக்கத்துல விரல் படக்கூடாது.

ரெண்டு மணி நேரத்துக்குள்ள லேபுக்குப் போயிடணும். முடியலைன்னா ஃபிரிட்ஜ்ல வைங்க (ஃப்ரீசர்ல இல்லை), 24 மணி நேரம் வரை தாங்கும். கடலூர் வெயில்ல வண்டி பெட்டியில வெச்சு ஊரைச் சுத்திட்டு வந்தா, வழியிலேயே கிருமி பெருகி ரிப்போர்ட் பொய் சொல்லும். ரிசல்ட் வர ரெண்டு, மூணு நாள் ஆகும். மருந்துப் பேருக்கு நேரா 'எஸ்' இருந்தா கேட்கும், 'ஆர்' இருந்தா கேட்காது. "மூணு வகைக் கிருமி கலந்து வளர்ந்திருக்கு"ன்னு வந்தா சாம்பிள் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம், திரும்ப எடுக்கணும்.

மஞ்சக்குப்பம்வாசி:
நன்றி. ஞாயித்துக்கிழமை எங்க போறது? வழக்கமா என்ன மாத்திரை தருவாங்க?

டியூட்டி_டாக்டர்:
அரசு தலைமை மருத்துவமனை அவசரப் பிரிவு ஞாயிறும் உண்டு. புதுச்சேரி ஜிப்மர்ல ஓபி இருக்காது, எமர்ஜென்சி மட்டும்தான்.

பொதுவா நைட்ரோஃபுரான்டாயின் 100 காலை, ராத்திரி, 5 நாள். சுகர் இருக்கிறவங்களுக்கு 7 நாளும் நீட்டுவோம். சாப்பாட்டோடதான் போடணும், இல்லைன்னா குமட்டும். சிறுநீர் பழுப்பா போகும், பயப்பட வேண்டாம். சிறுநீரகம் பலவீனமா இருந்தா இது வேலை செய்யாது, அதனால அம்மாவோட கடைசி கிரியேட்டினின் ரிப்போர்ட்டை எடுத்துட்டுப் போங்க. இன்னொண்ணு ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பாக்கெட், தண்ணியில கரைச்சு ஒரே வேளை.

சிட்ரால்கா எரிச்சலைத்தான் குறைக்கும், கிருமியைக் கொல்லாது. அது சிறுநீரைக் காரமாக்குது, நைட்ரோஃபுரான்டாயினுக்கோ அமிலத்தன்மைதான் வேணும். ரெண்டையும் சேர்க்காதீங்க. இன்னைக்குத் தண்ணி போதும்.

சுகர் மாத்திரையில டாபாக்ளிஃப்ளோசின் இருக்கான்னும் அட்டையைப் பாருங்க. அது போடுறவங்களுக்கு அரிப்போட வர்ற எரிச்சல் பல சமயம் காளான் தொற்று, அதுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தா கூடத்தான் செய்யும்.

குளிர் காய்ச்சல், விலாவுக்குப் பின்னால வலி, வாந்தி, இதுல ஒண்ணு வந்தாலும் காலை வரை காத்திருக்காதீங்க. கிட்னிக்கு ஏறியிருக்கலாம், அதுக்கு நைட்ரோஃபுரான்டாயினும் போதாது, ஊசி தேவைப்படலாம்.

மருந்தாளுநர்_நெல்லித்தோப்பு:
சிவப்புக் கோடு போட்ட அட்டை எதையும் சீட்டு இல்லாம கேட்காதீங்க. போகும்போது அந்த மிச்ச அட்டைகளையும் கையில எடுத்துட்டுப் போங்க. போன தடவை எது போட்டாங்கன்னு தெரிஞ்சாலே டாக்டருக்குப் பாதி வேலை முடிஞ்சுது.