கருங்காலிக் குவளைக்கு 1,500 ரூபாய்: என் பதில்

சங்கத்துச் சொந்தங்களுக்கு மாதுங்காவிலிருந்து வணக்கம்.

ஊர்க் கோயில் கொடைக்கு முன்பாக, இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடித்தால் சர்க்கரை நோய்க்கு நல்லதென்று சொல்லி, ஊரில் வீட்டுக்கொரு கருங்காலிக் குவளை வழங்கப்போவதாகவும், மும்பையிலுள்ள 40 குடும்பங்களும் தலைக்கு 1,500 ரூபாய் அனுப்ப வேண்டுமென்றும் செயலாளர் அண்ணாச்சி எழுதியிருக்கிறார். 60,000 ரூபாய் சிறிய தொகை அல்ல. போன கொடையின் பந்தல் கணக்கு இன்னும் வரவில்லை என்பதையும், குவளை கடைந்து தருபவர் யாருடைய மைத்துனர் என்பதையும் இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, மரத்தைப் பற்றியே கேட்கிறேன்.

எந்தக் கருங்காலி? நம் ஊர்ப்பக்கம் இரண்டு மரங்களுக்கு அந்தப் பெயர் வழங்குகிறது. ஒன்று, உலக்கை செய்யும் மரம்; வைரம், அதாவது நடுக்கட்டை, கன்னங்கரேலென்று இருக்கும், தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். (எங்கள் ஆச்சியின் உலக்கை அந்த மரம்தான், அதை இரவல் வாங்கிய வீட்டார் இந்தக் கடிதத்தையும் படிப்பார்கள்.) மற்றொன்று முள்மரம், வைரம் கருஞ்சிவப்பு. அதைச் சீவிக் கொதிக்கவைத்து, சாற்றைச் சுண்டவைத்து எடுப்பதே காசுக்கட்டி. இங்கே பான் கடைக்காரர் வெற்றிலையில் தடவும் கத்தாவும் அதுவே. வயிற்றுப்போக்குக்கும், வாய்ப்புண்ணுக்கும், ஈறில் ரத்தம் கசிவதற்கும் நம் பெரியவர்கள் நம்பியது அதன் துவர்ப்பைத்தான். ஆச்சி அதை வெந்நீரில் கரைத்துக் கொடுத்து, நான் வாய் கொப்பளித்து முடிக்கும்வரை வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள்.

நீரிழிவுக்கும் கருங்காலிக் கஷாயம் சொல்லப்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது வைத்தியர் அளவு பார்த்துத் தருவது. மரக்குவளையில் இரவெல்லாம் தண்ணீரை ஊறவைத்துக் காலையில் குடிக்கும் வழக்கம் வேங்கை என்ற வேறொரு மரத்துக்கு உரியது. அந்தத் தண்ணீர் பழுப்பேறி, வெளிச்சத்தில் பிடித்தால் நீலம் காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நோயாளிகளிடம் சோதித்து 1998இல் முடிவை வெளியிட்டதும் வேங்கையைப் பற்றித்தான், அதுவும் மருத்துவர்களின் கண்காணிப்பில். வேங்கையின் பெருமையைக் கருங்காலிக்குச் சூட்டி, கழுத்து மாலை விற்ற சூட்டோடு குவளையையும் விற்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் மேலத்தெருச் சித்தப்பா. போன வாரம் கல்யாணத்துக்குப் போன என் மனைவியின் தம்பி அவரைப் பார்த்திருக்கிறான். மாதிரிக்கென்று கொடுத்த குவளைத் தண்ணீரை நம்பி அவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாராம். காலில் புண் ஆறாமல் இருக்கிறதாம். நாம் நடத்தும் தருமம் இதுவென்றால் அதில் என் பெயர் வேண்டாம்.

என் பங்கு 1,500 ரூபாயை, சித்தப்பாவை நாளைக்கே திருநெல்வேலிக்கு அழைத்துச்சென்று சர்க்கரைக்கு மருத்துவம் பார்ப்பவரிடம் காட்டுகிறவர் யாரோ அவர் கையில் கொடுக்கிறேன். போகிறவர் அந்தக் குவளையையும் எடுத்துச்சென்று, பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் இது என்ன மரமென்று கேட்டு வரட்டும். ரசீது மட்டும் தவறாமல் வேண்டும்.