புதுப்பிப்பு: பூனையோடு போய் நல்லபடியாகத் திரும்பிவிட்டோம்

பூனையை வைத்துத் தூக்கிப்போகும் பெட்டியான கேரியரைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியும் பூனையோடு பத்து நாள் கார் பயணம் எப்படிப் போவது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பலித்தது, கேரியரைக் கதவு திறந்தபடி கூடத்திலேயே வைக்கச் சொன்ன யோசனைதான். முதல் நான்கு நாள் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் பழைய பனியனை உள்ளே விரித்து, சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளினேன். இரண்டாம் வாரம் ஒரு மத்தியானம், முன்னங்கால் இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு அதற்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிட்டோம், வாந்தியே இல்லை. வழக்கமான உணவையே பத்து நாளுக்கும் எடுத்துப்போனோம். திடீரென்று மாற்றினால் வயிறு கெட்டுவிடும். அவள் மலம், சிறுநீர் கழிக்கப் பழகிய மணலிலும் ஒரு பை.

நான் கோட்டைவிட்டது ஒன்று. பூனையின் தோலுக்கு அடியில் வைத்திருக்கும் மைக்ரோசிப்பில் இருப்பது வெறும் 15 இலக்க எண்தான், அது இருப்பிடத்தைக் காட்டாது. அந்த எண்ணுக்கான பதிவில் என் பழைய போன் நம்பரே இருந்தது, கிளம்பும் முந்தின இரவுதான் கவனித்து மாற்றினேன். நீங்கள் இன்றைக்கே பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

எங்கள் துணிமணியை எடுத்துவைப்பது? அரை மணியில் முடிந்தது. இப்போதும் கேரியர் கூடத்தில்தான் இருக்கிறது, அவள் உள்ளே.