குழந்தைங்க டிவி ப்ரோக்ராம் எடுக்குறவங்க கூட பழகின அனுபவம் இருந்தா சொல்லுங்க

நான் ஒரு தமிழ் சேனல்ல குழந்தைங்க நிகழ்ச்சிக்கு ஃப்ளோர்ல (ஷூட்டிங் நடக்குற ஸ்டூடியோ ஹால்ல) அசிஸ்டெண்ட்டா இருந்தேன். எங்க டைரக்டர் மேடம் சின்ன வயசுல தூர்தர்ஷன்ல கண்மணிப் பூங்கான்ற குழந்தைங்க நிகழ்ச்சி பார்த்து வளர்ந்தவங்க, ஃப்ளோருக்குள்ள வந்ததும் முதல் வேலையா கேமராவ கீழ இறக்கச் சொல்லுவாங்க, ஏன்னா அஞ்சு வயசு புள்ளைய நம்ம உசரத்துல இருந்து எடுத்தா உச்சந்தலைதான் தெரியும், மூஞ்சில என்ன ஓடுதுன்னு தெரியாது. கேமராமேன் பாதி நாள் முட்டி போட்டுத்தான் எடுப்பாரு. கேமரா மேல எரியுற சிவப்பு லைட்டுக்கும் கருப்பு டேப் ஒட்டிருவாங்க. அது எரியறத பார்த்தாலே பசங்க விறைச்சுப் போய் ஆண்டுவிழா மாதிரி ஒப்பிக்க ஆரம்பிச்சுடும். "சும்மா ரிகர்சல்தான்டா கண்ணு"ன்னு சொல்லிட்டு ரெக்கார்டிங் பண்றவங்க இருக்குற பேனல் பக்கம் கைய சுத்தி காட்டுவாங்க, ரெக்கார்டிங் ஓட ஆரம்பிச்சுடும், டிவில வந்ததுல பெரும்பாலும் அந்த ரிகர்சல்தான்.

ஒரு பொண்ணு ஆங்கர் என்ன கேட்டாலும் வாயே தொறக்கல. மேடம் அணில் பொம்மைய கொண்டு வரச் சொன்னாங்க. மேஜைக்கு அடியில ஒருத்தர் படுத்துக்கிட்டு கைய தூக்கி ஆட்டுறத அவ குனிஞ்சே பார்த்துட்டா, ஆனாலும் அணில் காதுகிட்ட போய் தன் தம்பி பொறந்த கதைய கிசுகிசுன்னு சொல்றா, சவுண்ட்ல ஒண்ணும் கேக்கலன்னு கத்துறாங்க, மேடம் கேமராமேன்கிட்ட "க்ளோஸப்ப விட்டு நகராத"ன்னு மட்டும் சொன்னாங்க. எனக்கு அன்னிக்குத்தான் இந்த வேலை மேல மரியாதையே வந்துச்சு.

எடிட் முடிஞ்சா பக்கத்து ஃப்ளாட் பசங்களுக்கு போட்டுக் காட்டுவாங்க, மேடம் டிவிய பாக்க மாட்டாங்க, பசங்க கண்ணதான் பாப்பாங்க. 1969ல அமெரிக்காவுல செசமி ஸ்ட்ரீட்ங்கற குழந்தைங்க நிகழ்ச்சி ஆரம்பிச்சப்ப டிவி பக்கத்துல ஸ்லைடு ப்ரொஜெக்டர் வச்சு ஏழெட்டு செகண்டுக்கு ஒரு படம் மாத்தி, புள்ளைங்க எங்க கண்ண திருப்புதுன்னு குறிச்சு அந்த இடத்த சரி பண்ணுவாங்களாம். நம்ம மேடம்கிட்ட ப்ரொஜெக்டர் இல்ல, ஜன்னலுக்கு வெளிய போற ஐஸ்க்ரீம் வண்டிதான்.

---

மேல எழுதின சகோ சொன்னத படிச்சதும் எங்களுக்கு நடந்தது ஞாபகம் வந்துச்சு. என் பையன் ரெண்டு இடத்துல நடிச்சான். ஒரு இடத்துல காலைல போனவன ராத்திரி வரைக்கும் உக்கார வச்சுட்டாங்க, புள்ள மேக்கப்போடயே தூங்கிட்டான், கேட்டா லைட்டிங் ரெடி ஆகலன்னு பதில். இன்னொரு இடத்துல டைரக்டரே முதல் நாள் என்னை உக்கார வச்சு விளக்கினாரு. 2017ல வந்த குழந்தைத் தொழிலாளர் விதிப்படி ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கக்கூடாது, மூணு மணி நேரத்துக்கு மேல ரெஸ்ட் இல்லாம வைக்கக்கூடாது, சம்பளத்துல குறைஞ்சது 20 சதவீதம் புள்ள பேர்ல பேங்க் டெபாசிட்ல போடணும், அஞ்சு புள்ளைக்கு ஒருத்தர் பொறுப்பா இருக்கணும். சொன்னபடியே நடத்தினாரு, பெரியவங்க சீன் எல்லாம் தள்ளி வச்சுட்டு பசங்க சீன மொதல்ல முடிச்சு அனுப்பிட்டாரு.

புள்ளைய அனுப்பப் போற அம்மா அப்பா யாராச்சும் இத படிச்சா, ஷூட்டிங்குக்கு கலெக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கியாச்சான்னு முதல்ல கேளுங்க, பதில் சொல்ற விதத்துலயே அந்த டீம் எப்படின்னு தெரிஞ்சுரும்.