அம்மா இறந்த வருடத்தில் ஸ்டார் கட்டலாமா?

கேள்வி: பாளையங்கோட்டைக்காரி

அக்டோபரில் அம்மாவை அடக்கம் செய்தோம். முதல் வருடம் கிறிஸ்துமஸ் கொண்டாடக் கூடாது. ஸ்டார், புதுத்துணி, பலகாரம் எதுவும் வேண்டாம் என்கிறார் பெரியம்மா. வீடு வீடாகப் பாடி வரும் கேரல் பவனியிலும் எங்கள் வீட்டை விட்டுவிட்டார்களாம். அம்மாவின் அச்சுமுறுக்கு அச்சு எண்ணெய்ப் பிசுக்கோடு அடுக்களை ஆணியில் தொங்குகிறது. பார்த்தால் அழுகை வருகிறது. எடுத்துச் சுடவும் கை பரபரக்கிறது. சந்தோஷப்பட்டால் அம்மாவை மறந்ததாகுமா? அழுதால் உயிர்த்தெழுதலில் விசுவாசம் இல்லை என்றாகுமா? அடக்க ஆராதனையிலேயே ஒருவர், "அழாதே, அம்மா மகிமையில் இருக்கிறார்" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பதில்: ஓய்வுபெற்ற வாத்தியார்

மகளே, நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போல் துக்கிக்க வேண்டாம் என்றுதான் அப்போஸ்தலன் பவுல் தெசலோனிக்கே சபையாருக்கு எழுதினார். துக்கமே கூடாது என்றா சொன்னார்? இறந்துபோன லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தேதான் இயேசு பெத்தானியாவுக்குப் போகிறார். போன இடத்தில் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு கலங்கித் தாமும் கண்ணீர் விடுகிறார். சற்று நேரத்தில் கல்லறையிலிருந்து லாசரு நடந்து வரப்போகிறான். அது தெரிந்தவருக்கே அழுகை வந்திருக்கிறது. அதை அவிசுவாசம் என்று யார் சொல்வது? உங்களை உலுக்கியவரை யோவான் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள்.

பதில்: நாசரேத் அக்கா

வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனால் பெரியம்மாவையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் உடன்பிறந்தவளை இழந்தவர். "எப்பொழுதும் சந்தோஷமாயிருங்கள்" என்ற வசனத்தைத் தடியாக்கித் துக்கக்காரர்களை விரட்டுவது எனக்கு ஆகாது. வேதாகமத்தில் எஸ்றா 3-ஆம் அதிகாரத்தில், எருசலேமின் இடிந்த ஆலயத்துக்கு மறுபடி அஸ்திபாரம் போடுகிறார்கள். பழைய ஆலயத்தைக் கண்ட முதியவர்கள் ஓவென்று அழுகிறார்கள், மற்றவர்கள் ஆரவாரிக்கிறார்கள். எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியவில்லை. யாரும் யாரையும் வாயை மூடச் சொல்லவில்லை. பெரியம்மா கறுப்புக்கரைச் சேலையில் இருக்கட்டும், நீங்கள் ஸ்டார் கட்டுங்கள். ஒரே வீட்டில் இரண்டும் இருக்கலாம்.

பதில்: கேரல் தம்பி

அக்கா, துக்க வீடு என்றால் நாங்களாகவே தயங்கி விட்டுவிடுவதுதான், வேறொன்றும் இல்லை. வரச் சொன்னால் வருவோம். அப்படிப்பட்ட வீடுகளில் டிரம் அடிக்க மாட்டோம், மெதுவான பாட்டு ஒன்று, சின்ன ஜெபம், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் தாத்தா தெருமுனையிலேயே நின்றுகொள்வார். உங்கள் சபைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் தெரு வரிசையை மாற்றினால் டிரம்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.