பாயின்செட்டியா கிளை பிய்ந்து விழுது, அழுகல் நோயா?

தளி_பாலிஹவுஸ்:
கிறிஸ்துமஸ் விற்பனைக்கு 6 அங்குலத் தொட்டியில் 1,200 செடி வச்சிருக்கேன். மேல் இலை இப்பதான் சிவக்குது. தொட்டியை நகர்த்தினாலே கிளை தண்டோடு சேருற இடத்தில் பிய்ந்துடுது. நேற்று மட்டும் 40 தொட்டி போச்சு. அழுகல்னு நினைச்சு கார்பன்டசிம் பூஞ்சை மருந்து ரெண்டு தடவை ஊத்தினேன், நிக்கல. யாராவது சொல்லுங்க.

ஓசூர்_மலர்அக்கா:
மருந்தை நிறுத்துங்க தம்பி. மண்ணை ஒட்டின இடத்தில் தண்டு பழுப்பா உள்வாங்கி இருக்கா? பிய்ந்த இடத்தில் பால் வருதா?

தளி_பாலிஹவுஸ்:
அடித்தண்டு பச்சையாவே இருக்குக்கா. பிய்ந்த இடத்தில் வெள்ளையா பால் வடியுது. மீதி இடத்தில் ஜெர்பரா பூச்செடி இருக்கறதால தொட்டிங்களை ஒட்டி ஒட்டி வச்சிருக்கேன். 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து சம அளவு) வாரம் ரெண்டு தடவை விடறேன்.

ஓசூர்_மலர்அக்கா:
அப்ப நோயே இல்ல. அழுகல் உண்டாக்குற ரைசோக்டோனியா பூஞ்சை வந்திருந்தா மண்மட்டத்தில்தான் தண்டு பழுப்பாகி உள்வாங்கும், செடி முழுசா வாடும். உங்களுது நெருக்கத்தால வந்தது. வெளிச்சம் தேடி கிளை ஒல்லியா நீண்டிருக்கு, கிளை தண்டோடு சேருற கணு இந்தச் செடிக்கு எப்பவுமே பலவீனம், அதுமேல சிவந்த இலையோட பாரம். 19:19:19-ல யூரியாவும் அம்மோனியமும் அதிகம், தண்டு கொழுகொழுன்னு மெத்துனு வளரும். எனக்கும் முதல் வருஷம் இதேதான், நல்லா வளருதுன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்.

முதல்ல இலைக்கு இலை படாத அளவுக்குத் தொட்டிங்களை விலக்குங்க. ஜெர்பராவில் ஒரு பாத்தியை விட்டாலும் பரவாயில்ல. உரத்தை கால்சியம் நைட்ரேட்டுக்கு மாத்துங்க. அதையும் 19:19:19-ஐயும் ஒரே டேங்க் தண்ணியில கலக்காதீங்க, 19:19:19-ல இருக்கற பாஸ்பேட்டோட கால்சியம் சேர்ந்து சுண்ணாம்பு மாதிரி படிஞ்சு சொட்டுநீர்க் குழாய் அடைச்சுக்கும். கால்சியம் தண்ணியோடதான் மேல ஏறும், அதனால காத்தோட்டம் வேணும். காலையில பக்கத் திரையைத் தூக்கிடுங்க.

செடி நீளாம குட்டையா வைக்கிற லிஹோசின் மருந்து இப்ப வேண்டாம், சிவப்பு இலை சின்னதாகிடும். அது நுனியைக் கிள்ளினதுக்கு அப்புறம் கொழுந்து வர்றப்ப அடிக்கிறது. அடுத்த வருஷம் கிள்ளும்போது 5, 6 கணு விட்டு நுனியை மட்டும் எடுங்க.

ஏற்காடு_நர்சரி:
அக்கா சொல்றது சரி. இருக்கற செடியைக் காப்பாத்த மூங்கில் குச்சி 3 நட்டு சணல் கயிறால வளையம் கட்டுங்க. தொட்டியை அடியில பிடிச்சுத் தூக்கணும், கிளையில கை படக்கூடாது. லாரியில ஏத்தற முன்னாடி காகிதக் கூம்பு மாட்டறதும் கீழிருந்து மேல்தான்.

தளி_பாலிஹவுஸ்:
நன்றிக்கா, நன்றிண்ணா. இன்னிக்கு சாயங்காலமே ஒரு ஜெர்பரா பாத்தியை எடுக்கறோம். மூங்கில் குச்சிக்கும் சொல்லிட்டேன்.